பூஜ்யம் புகை

பஸ்ரா எண்ணெய் நிறுவனத்தில் மேலாளரே கிளேச்சா இனிப்புத் தட்டோடு வந்தார். "கரிப்புகை பூஜ்யம்! எண்ணெய்க் கிணத்துல எரிவாயுவை எரிக்கிற தீ, நம்ம கணக்குல இனி ஒண்ணுகூடக் கிடையாது!"

பொறியாளர் ஹவ்ரா உடனே அப்படியொரு கிணற்றை ஒட்டியிருந்த தன் ஊருக்குப் போன் செய்தாள். "அண்ணி, தீயை அணைச்சுட்டாங்க! சஜ்ஜாத்தை முற்றத்துக்குத் தூக்கிட்டு வாங்க. புள்ள நல்லா மூச்சு விடட்டும்."

"என்னடி உளர்ற? வெளியே நின்னா முகம் வேகுது. காயப்போட்ட துணியெல்லாம் கரி. புள்ள காலையிலேர்ந்து இருமிட்டே கிடக்கான்."

ஹவ்ரா மேலாளரிடம் ஓடினாள். "உஸ்தாத், எங்க ஊர்த் தீ இன்னும் எரியுதாம்!"

"அணைச்சோம்னு யாரும்மா சொன்னா? அந்தக் கிணத்தைப் போன வாரம் வேற கம்பெனிக்கு வித்துட்டோம். இனி அந்தப் புகை அவங்க கணக்கு. சுற்றுச்சூழல் விருது நமக்குத்தான். மேடையில நீயே வாங்கிக்க. அந்த ஊர்ப் பொண்ணு வாங்கினா போட்டோ நல்லா இருக்கும்."