கல்லில் ஒரு பனிவண்டி

உலாயுக்கின் கணவன் பனிவண்டியில் உறைந்த கடலைத் தாண்டப் போனவன், திரும்பவில்லை. வசந்தத்தில் அவள் அந்த வண்டியைப் பச்சை நிற மாக்கல்லில் செதுக்கினாள். அவனைச் செதுக்கக் கை வரவில்லை. இருக்கையைக் காலியாகவே விட்டுவிட்டாள்.

சிற்பங்களை விலைக்கு எடுக்கும் கூட்டுறவுக் கடை ஜோவானசி அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாரும் கரடி செதுக்குறாங்க, நீ வண்டியா! ஆனா ஆளு நல்லா வந்திருக்காரும்மா. ஏன் பின்னாடி திரும்பிப் பாக்குறாரு?"

"ஆளா? எங்க?"

கடையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அடியே, உன் வீட்டுக்காரரேதான்!"

உலாயுக் அதை விற்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவன் தெரிகிறான்.

"இன்னும் இந்தப் பக்கந்தான் பாக்குறாரா?" என்று கேட்பாள்.

"உன்னையேதான் பாக்குறாரு" என்பார்கள்.

அவள் கண்ணுக்கு மட்டும் வண்டி ஆளில்லாமல் நிற்கிறது.