ஊசி செருகிய துளை

'டங்!' என்று இரும்புத் தட்டுகள் இறங்கிய சத்தத்தில் பயிற்சி அறையே திரும்பிப் பார்த்தது. சுடர்மதி தூக்கிவிட்டாள்! அறுவை செய்த காலால், இருபத்தைந்து கிலோ! அவ்வளவு தூக்கினால்தான் ஆட அனுமதி; இனி ஞாயிறன்று கபடித் தேர்வுக்குப் போகலாம்.

அவளுக்கும் அண்ணன் பாண்டித்துரைக்கும் ஒரே வாரத்தில்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அவன் மூன்றாம் மாதமே இருபத்தைந்தைத் தூக்கினான். இவளோ ஐந்து மாதமாகியும் இருபதிலேயே நின்றாள். "பொம்பளைங்களுக்குத் தொடைச் சதை திரும்ப நாளாகும்மா" என்று பிசியோதெரபிஸ்ட் மெர்சி தேற்றுவார். "அப்போ அடுத்த வருசம் ஆடு தாயி" என்று அண்ணன் சிரிப்பான்.

எத்தனை தட்டு தூக்குவது என்று குறிக்கும் இரும்பு ஊசியை நேற்று அவளேதான் இருபத்தைந்தின் துளையில் செருகிவிட்டுப் போயிருந்தாள்; அது அப்படியே இருக்கும் என்று எடையைப் பார்க்காமலே இன்று உட்கார்ந்துவிட்டாள். தொடை நெருப்பாக எரிந்தது. ஆனாலும் விடவில்லை.

கைதட்டியபடி வந்த மெர்சி குனிந்து, ஊசி இருந்த துளையைப் பார்த்தார்.

"அடியே மதி, இது முப்பதுடி! யாரு வெச்சது?"

பக்கத்தில் நின்ற பாண்டித்துரை தலையைச் சொறிந்தான்.

"நான்தான்க்கா. காலையில தூக்கிப் பார்த்தேன், அசையல. அப்படியே விட்டுட்டேன்."