இன்னொரு பார்ட்டி

“மன்னிச்சுக்கோங்க அண்ணே, இன்னொரு பார்ட்டி வந்து முடிச்சுட்டாங்க” என்று வீட்டுத் தரகர் போனில் சொன்னபோது, பஸ் டிரைவர் டிப்போ வாசலில் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார்.

கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன நாலாவது வீடு.

அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. பக்கத்தில் கிடந்த டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரல்தான் வீங்கியது.

நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் தையல்காரி. அந்த வீட்டு ஜன்னல்களை அளந்து, நீலப் பூப்போட்ட திரைகள்கூடத் தைத்து வைத்திருந்தாள். அவற்றை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

“நமக்குப் பேசி முடிச்ச வீடு. ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? கூடக் கொஞ்சம் வீசிட்டு அள்ளிட்டுப் போறானே, அவனெல்லாம் மனுஷனா?” என்றார் டிரைவர், கால்விரலை நீவிக்கொண்டே.

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பக்கம் ரயில் நிலையம் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து தெருவே தலைகீழாகிவிட்டது. பஞ்சர் கடை இருந்த இடத்தில் நகத்துக்கு வண்ணம் பூசும் கடை. டீக்கடைக்குக் கண்ணாடிக் கதவு. அவர்கள் குடியிருந்த வீட்டையும் இடிக்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மகளின் பள்ளிக்கூடம் இங்கே, மனைவியிடம் துணி கொடுப்பவர்கள் இங்கே. எங்கே போவது?

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவள் பெயர் குட்டி. அவளுக்கு வேறொரு சந்தேகம்.

“யாருப்பா அந்த இன்னொரு பார்ட்டி? அவருக்கு எத்தனை வீடுதான் வேணும்?”

டிரைவருக்கு அந்த எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. அவனுக்கு வயிறு பெரிசு, எத்தனை வீட்டை விழுங்கினாலும் நிறையாது என்றார்.

குட்டி உடனே படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். பானை வயிறு. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இரண்டு கையிலும் இரண்டு வீடு. வாயில் ஒரு வீடு பாதி உள்ளே போயிருக்க, கதவு மட்டும் வெளியே தொங்கியது.

“கண்ணாடி மட்டும் உங்களோடது மாதிரியே இருக்கு” என்றாள் மனைவி, படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டே. வெயிலில் வண்டி ஓட்டுகிறவர் போடும் கண்ணாடி. குட்டி பார்த்த கறுப்புக் கண்ணாடி அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு டிரைவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தப் படத்தை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

அந்த வாரக் கடைசியில் தரகர் மறுபடி கூப்பிட்டார். பின் சந்தில் ஒரு சின்ன வீடு. இரண்டே அறை. வாடகையும் இவர்கள் கைக்கு அடங்குவதுதான். ஆனால் ஒரு சிக்கல்.

“ஏற்கெனவே ஓர் அம்மாவுக்குப் பேசி முடிச்சதுண்ணே. ரெண்டு பசங்களை வெச்சுக்கிட்டுத் தனியா இருக்காங்க. நாளைக்கு அட்வான்ஸ் கொண்டு வர்றாங்க. நீங்க இன்னிக்கே வந்து, கொஞ்சம் மேல போட்டுக் கொடுத்தா, வீட்டுக்காரர் மனசு மாறும்.”

மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். “வேண்டாங்க. யாரோ ஒருத்தி வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு?”

“நம்ம வயிறு எரிஞ்சப்போ யாரு வந்து தண்ணி ஊத்தினாங்க?” என்றார் அவர். “பாவம் புண்ணியம் பார்த்தா நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்து வீட்டை இடித்துக்கொண்டிருந்த இயந்திரம் உறுமியது. இவர்கள் சுவர் அதிர்ந்து, குட்டியின் படம் ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. அவள் எழுந்துபோய், புது மெஷினுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிப்போவிலிருந்து நேராகப் பின் சந்து வீட்டுக்கு வந்த டிரைவர், கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுப் போனார்; தரகர் மட்டும் நின்றார். குட்டியோடு வந்திருந்த மனைவி வழக்கம்போல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

ஜன்னல் திட்டில் ஒரு சணல் கயிறு கிடந்தது. அதில் இரண்டு முடிச்சு.

அளவு நாடா இல்லாதவர்கள் அளக்கும் முறை அவளுக்குத் தெரியாதா? கயிற்றை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. திரும்பிக் கணவனிடம் அதைக் காட்டினாள்.

“ம்” என்றார் அவர். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனார். வந்தது. மூடினார். மறுபடி திறந்தார்.

தரகரின் போன் அடித்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மன்னிச்சுக்கோங்கம்மா, இன்னொரு பார்ட்டி வந்து முடிச்சுட்டாங்க… ஆமாம்மா, இங்க வீட்டுலதான் இருக்காங்க.”

குட்டியின் கண்கள் விரிந்தன. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சமையலறைக்கு ஓடினாள். குளியலறையைத் திறந்து பார்த்தாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எல்லா இடத்துலயும் பார்த்துட்டேன்ப்பா. யாருமே இல்ல, நாம மட்டும்தான் இருக்கோம்.”