குவளையில் நடுங்கும் நீர்

ஹாம்பர்க் துறைமுகத்தில் நிறுத்தியிருக்கும் தன் லாரிக்குள் அமர்ந்து, பட்டத்துக்கான கடைசி உரையை மடிக்கணினி வழியே முடிக்கிறாள் வீப்கே. முன்கண்ணாடியில் மழைத்துளிகள் வெயிலை ஏந்தி நிற்கின்றன. திரையில் வணிகக் கல்லூரியின் பெரிய வகுப்பறை. நேரில் படிப்பவர்களின் முகங்கள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. உரை பிடித்திருந்தால், அங்கே கைதட்டுவதற்குப் பதிலாக எல்லோரும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுவார்கள். ஒரு தட்டுக்கூடக் கேட்கவில்லை. சரக்கு ஏற்றும் நேரங்களில் படித்ததெல்லாம் வீண்தானா? "ஆண்டவரே" என்று முணுமுணுக்கிறாள். முன்வரிசையில் இருக்கும், உடன் படிக்கும் யோன்டே அவள் முகத்தைக் கவனித்துவிடுகிறான்.

"என்ன வீப்கே, அழுதுடுவே போல இருக்கு? இங்க எங்களுக்குக் கையே வலிக்குது."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலயே."

"தட்டுற சத்தத்தை இரைச்சல்னு நெனச்சு இந்த மைக் அமுக்கிடுது போல. இரு."

அவன் கேமராவை இறக்கி, மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குவளைக்கு நேரே பிடிக்கிறான். பேராசிரியரும் விரல்களை மடக்கிக்கொண்டு சேர்ந்துகொள்கிறார். நீர் நடுங்குகிறது, வளையத்துக்குள் வளையமாக அதிர்ந்து விளிம்பைத் தாண்டிச் சிந்துகிறது. சத்தமே இல்லை. வீப்கே கண்களைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும், ஸ்டியரிங்கை மெல்லத் தட்டுகிறாள்.