பெயர்போன கார்

“பெயரிங் போச்சு, ஐயா!”

கிளச்சை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு ஜெயரூபன் இதைச் சொன்னபோது, இணுவிலில் அவன் கார் திருத்தும் கறாச்சில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்: காரின் சொந்தக்காரர் இராசநாயகம், வங்கியில் இறக்கிவிடுவதற்காக அவர் ஏற்றி வந்த ஒரே மகள் தர்சினி, மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்து வாங்கிலில் குந்திவிட்ட முத்துக்குமாரு.

முத்துக்குமாருவுக்குக் காது மந்தம். வாய்க்கு அந்தக் குறை இல்லை.

“ஆற்றை பெயர் போச்சு?” என்று எட்டிப் பார்த்தார்.

“பெயர் இல்லை அண்ணை, பெயரிங்! கிளச்சுக்குள்ளை இருக்கிற பெயரிங்!” என்று ஜெயரூபன் கத்தினான். பிறகு இராசநாயகத்திடம் திரும்பினான். “கிளச்சிலை கால் வைச்சால் கிரீச்செண்டு கத்தும். காலை எடுத்தால் சத்தம் நிண்டிடும். ஆனால் போன வருசம்தானே ஐயா புதுசு போட்டுத் தந்தனான்? உது இவ்வளவு கெதியாத் தேயாது. ஆரோ கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டே ஓடியிருக்கினம். புதுசாப் பழகிற ஆக்கள்தான் அப்பிடி ஓடுறது.”

இராசநாயகம் மகளைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருடமாகக் கார் ஓடுகிறவர். ஒரு கீறல் விழுத்தியவரில்லை. அந்தக் காரின் திறப்பு தொங்கும் இடம் வீட்டில் இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும். கார் பழகப் போகிறேன் என்று தை மாதம் கேட்டவளும் அவள்தான். கலியாணம் முடியட்டும் என்று அவர் ஒரே சொல்லில் மறுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நாள் வைக்க வருகிறார்கள். அதற்குள் இராசநாயகத்தின் மகள் களவாகக் கார் ஓடித் திரிந்தாள் என்று ஊரில் ஒரு கதை கிளம்பினால்? அதுவும் தனியாகவா ஓடினாள்? பழக்கியவன் யார்?

“தர்சினி, நீ காரை எடுத்தனியோ?”

“இல்லையப்பா.”

“பொய் சொல்லாதை.”

“நான் ஏன் பொய் சொல்லோணும்? ஒருநாளும் தொடேல்லை.”

“அப்ப கார் தானா ஓடித் தேஞ்சதோ?”

முத்துக்குமாரு வாங்கிலின் நுனிக்கு நகர்ந்தார். “பிள்ளை என்னவாம்?”

“ஒண்டுமில்லை!” என்று அவரிடம் சிரித்த இராசநாயகம், பல்லைக் கடித்தபடி மகளிடம் சொன்னார்: “மெல்லக் கதை. உவற்றை காதிலை விழுந்தால் பின்னேரத்துக்குள்ளை சுன்னாகம் தாண்டிடும்.”

“நீங்கள்தான் கத்துறியள்.” தர்சினிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெயரூபன் நிலைமையை மாற்றத் தேத்தண்ணி கொண்டுவந்தான்.

“அப்பாவுக்குச் சீனி போடேல்லைத்தானே?” அந்தக் கலக்கத்திலும் அவள் அதைக் கேட்டாள்.

“எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை!” கோப்பையை வாங்காமல் இராசநாயகம் விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார். இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார்.

“ஐயா, செருப்பு!” என்று ஜெயரூபன் எடுத்துக்கொண்டு ஓடினான்.

“வார் தளர்ந்து போச்சு.”

ஜெயரூபன் வாரை இழுத்துப் பார்த்தான். அது இறுக்கமாகத்தான் இருந்தது. செருப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தவன், “கழட்ட முதல் ஒருக்கா ஓடிப் பாப்பம், ஐயா. நீங்களே ஓடுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன்,” என்றான்.

காங்கேசன்துறை வீதியில் கார் ஏறியது. இராசநாயகம் முதுகு வளையாமல் இருந்து ஓடினார். முதலாம் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். வழியில் போன இரண்டு பேர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்தது.

“தம்பி, இது உமக்கும் எனக்கும் இடையிலை இருக்கட்டும். என்ரை பெட்டை காரை எடுத்ததெண்டு ஒருத்தரும் அறியக்கூடாது. இது அவளின்ரை வாழ்க்கை.”

“சரி ஐயா. இப்ப கிளச்சிலை கால் வைச்சிருக்கிறியளோ?”

“ஆரைப் பாத்துக் கேக்கிறீர்? கியர் மாத்தின உடனை எடுத்திட்டன். கால் கீழை கிடக்கு.”

“அப்ப சத்தம் நிக்கவேணுமே, ஐயா.”

கிரீச்சென்ற சத்தம் நிற்கவில்லை. இராசநாயகம் ஓரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டார். அப்போதும் சத்தம் நிற்கவில்லை.

“நீர் சொன்னது பிழை. இஞ்சை பாரும், கால் வைக்காமலே கத்துது!”

ஜெயரூபன் அவருடைய முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்: “ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ, ஐயா.”

அவர் குனிந்து பார்த்தார். இடது கால் கிளச்சின்மேல் கிடந்தது. அது அங்கே கிடப்பது அவருக்குத் தெரியவேயில்லை.

தர்சினி களவாகக் கார் ஓடி, அந்த வீட்டின் பெயரைப் போக்கினாள் என்று இணுவிலில் இப்போதும் ஒரு கதை உலவுகிறது. அது பொய். போனது பெயரிங், போக்கியது சீனி வருத்தத்தில் மரத்துப்போன தகப்பனின் கால். தர்சினி அந்தக் காரை ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்: பட்டப்பகலில், தகப்பனைப் பக்கத்தில் இருத்தி, கிளினிக்குக்கு.