காற்றில் வந்த துணி

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தபோது அவள் மொட்டைமாடிக்கு வந்துவிட்டிருந்தாள்.

வரிசையாக நான்கு வீடு. எல்லாவற்றுக்கும் ஒரே மாடி. மழை வந்தால் முதலில் ஏறுகிறவர்கள் எல்லா வீட்டுத் துணியையும் எடுத்துவிடுவார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை. அப்படித்தான் நடந்துவந்தது.

போன ஐப்பசியில் அவள் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாளியில் நனைத்தது நனைத்தபடி போயிருந்தாள். திரும்பி வந்தால் துணியெல்லாம் கட்டில்மேல் மடித்து இருந்தது. அந்த அடைமழையில் எப்படிக் காயவைத்தாளோ, பக்கத்து வீட்டு மங்கை அக்கா.

இப்போது அக்காவின் கொடியில் குழந்தைத் துணிகள்.

மகள் பூங்கோதை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வேறு சாதியில் கட்டிக்கொண்டவள்.

தெரு ஒன்றும் சொல்லவில்லை. சண்டை இல்லை, ஏச்சு இல்லை. நல்ல வெயிலில் மேகம் மூடி, எவரும் எதையும் அணைக்காமலே இருட்டுமே, அப்படித்தான் இருந்தது. அக்கா குடத்தோடு குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் அவள் மட்டும், "புள்ள எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் குடத்தை வைத்தபோதும் பேச்சு நின்றது.

அப்புறம் அவள் கேட்கவில்லை.

சொட்டுகள் நெருங்கின. தன் துணிகளை உருவித் தோளில் போட்டாள். அடுத்த கொடிக்குக் கை தானாகப் போனது. சின்னஞ்சிறு சட்டை. கிளிப்பை அழுத்தினாள்.

பின்னால் காலடிச் சத்தம்.

மறுபக்கத்து வீட்டுக் குருவம்மா மதினி. தன் கொடியை உருவிக்கொண்டே பார்த்தாள். முகத்தை அல்ல, கையை.

"ஒன் துணிய எடுத்துட்டேல்ல. எறங்கு, நனையாத."

அவ்வளவுதான் சொன்னாள். அதுவும் அக்கறையாகத்தான் சொன்னாள்.

கிளிப் மறுபடி துணியைக் கவ்வியது.

படியில் பாதி இறங்கியிருப்பாள். எதிரே மங்கை அக்கா ஏறி வந்தாள். முழங்கால் வலி. சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள்.

அவள் தோள்நிறையத் துணியைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது.

இரண்டு கையையும் நீட்டினாள்.

அவள் தோள் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நீட்டிய கைகள் சற்று நேரம் அப்படியே இருந்தன. ஒன்று சுவருக்குப் போனது. மற்றது சேலையைச் சரிசெய்தது.

"ஓரமாப் போம்மா. படி வழுக்கும்."

அக்கா மேலே போனாள். மழை பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். சேலைகள் காய்ந்து மொறமொறவென்று இருந்தன. மடிக்கக் கை வரவில்லை. மாடிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டியது. அது மழையா, அக்கா துணி பிழிகிற தண்ணீரா, தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. நின்றது. மறுபடி அழுதது. ஈரத்தில் கிடக்கிற பிள்ளையின் அழுகை.

எழுந்து பீரோவைத் திறந்தாள். புருஷனின் பழைய வேட்டி. துவைத்துத் துவைத்து நைந்து, பிள்ளைக்கு இதமாக இருக்கும். இழுத்தாள். கிழிகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

மதினி வீட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

மிக்ஸியைப் போட்டாள். வெறும் ஜாரில். அது அலறி முடிப்பதற்குள் வேட்டி முழுவதையும் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்துவிட்டாள்.

பின்வாசல் வழியாகப் போனாள். முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, இரண்டு கொல்லைக்கும் ஒன்றாக ஓடும் தகரக் கூரைக்கு அடியிலேயே ஒட்டிப் போனாள். அக்கா வீட்டுப் பின்கதவருகே துவைக்கிற கல் காய்ந்திருந்தது. அதன்மேல் வைத்தாள். கதவைத் தட்டவில்லை. திருடிவிட்டுத் திரும்புகிறவளைப்போல வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

முன்கதவு தட்டப்பட்டது.

மங்கை அக்கா. தலையில் முந்தானை. மார்போடு அணைத்துக் கொண்டுவந்த அந்தத் துணிகளை முந்தானைக்குள்ளிருந்து எடுத்தாள். அடுத்த வாசலில் குருவம்மா மதினி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒங்க வீட்டுதா பாரும்மா. காத்துல பறந்து எங்க கொல்லைக்கு வந்துருச்சு போல."

குரலில் கோபம் இல்லை. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

இல்லக்கா, பிள்ளைக்குத்தான் வச்சேன். சொல்லிவிடலாம்.

மதினி மழையைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

"ஆமாக்கா," என்றாள். "எங்களுதுதான்."

அக்கா இன்னும் கொஞ்சம் நின்றாள், வேறு ஏதாவது வருமா என்பதுபோல. பிறகு துணிகளை அவள் கையில் வைத்தாள். மடிப்புக் கலையவில்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

மதினி அந்தத் துணிகளைப் பார்த்தாள். அப்புறம் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"பெலத்த காத்துதான்."

"ஆமா மதினி."

வாசல் வேம்பில் ஓர் இலைகூட ஆடவில்லை. மழை நேராகப் பெய்துகொண்டிருந்தது.