மாமனாரின் காது

மாமனாருக்கு உள்காதில் கோளாறு. வானம் மாறுவதற்கு அரை நாள் முன்பே அவருக்கு வீடு பம்பரமாகச் சுற்றும். அதனால் மகன் கடலுக்குக் கிளம்பும்முன் வானிலை அறிக்கையைக் கேட்க மாட்டான், அப்பாவைத்தான் கேட்பான்.

"சுத்துதாப்பா?"

"இல்லடா. தலை கல்லு மாதிரி நிக்குது. தைரியமா போ."

படகு போன இரண்டு மணி நேரத்தில் வானம் கருத்தது. கதவு தானாக அடித்துக்கொண்டது. மருமகள் கணவனுக்கு ஃபோன் போட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை.

"மாமா, இப்பவாவது சுத்துதா?"

"துளிகூட இல்லம்மா. சும்மா பயந்து சாகாத. பதினஞ்சு வருஷத்துல என் காது ஒரு தடவையாவது தப்பா சொல்லியிருக்கா?"

தண்ணீர் குடிக்க அவர் எழுந்து நடந்தார். சுவரைப் பிடிக்காமல் அவர் நடந்து அவள் பார்த்ததே இல்லை.

"மாமா... சுவத்த பிடிக்காம நடக்கறீங்களே?"

"எல்லாம் உன் புண்ணியம்தான்" என்று சிரித்தார். "நீ வாங்கி வச்சு ஒரு மாசமா கெஞ்சினியே, அந்தத் தலைசுத்தல் மாத்திரை. நேத்துலேருந்து போட ஆரம்பிச்சுட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அவர் கை சுவரைத் தேடியது.